கீ ஃபைல் இருந்தும் புளூ-ரே திறக்கவில்லை: மூன்று டிஸ்க், மூன்று விதமான அடம்

பரண்மேல்_பெட்டி எழுதியது:

வணக்கம். சிங்கப்பூரில் இருந்த என் மாமா ஊர் திரும்பியபோது தன் புளூ-ரே டிஸ்க்குகள் மொத்தத்தையும், 43 இருக்கும், எங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். இங்கே வாங்கிய பிளேயர் சி மண்டலம், டிஸ்க் எல்லாம் ஏ மண்டலம், ஓடாது என்று தெரிந்ததும் பெட்டி பரணுக்குப் போய்விட்டது. இரண்டு வருடம் கழித்துப் போன மாதம் இறக்கிப் பார்த்தால் நாலைந்து டிஸ்க்கில் ஓரமெல்லாம் பழுப்பேறிக் கிடக்கிறது, ஒன்றில் கடைசி இருபது நிமிடம் வரவே இல்லை. மீதியும் போவதற்குள் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிவிடலாம் என்று ஒரு யுஎஸ்பி புளூ-ரே டிரைவ் வாங்கினேன்.

லினக்ஸ் மிண்ட், படம் ஓட்ட விஎல்சி, புளூ-ரேயின் ஏஏசிஎஸ் பூட்டைத் திறக்க லிப்ஏஏசிஎஸ் எல்லாம் போட்டாயிற்று. டிஸ்க்குகளின் சாவிகள் அடங்கிய கீடிபி.சிஎஃப்ஜி ஃபைலையும் தேடிப் பிடித்து ஹோம் ஃபோல்டருக்குள் .கான்ஃபிக், அதற்குள் ஏஏசிஎஸ் என்ற ஃபோல்டரில் வைத்தேன். இப்போது நிலவரம்:

ஒரு பழைய போர்ப்படம், போட்டவுடன் ஓடுகிறது. சந்தோஷம். இன்னொன்று குடும்பப் படம், கீ ஃபைலைத் திறந்து தேடினால் படத்தின் பெயர் இருக்கிறது, பெயருக்கு நேராக நீளமாகச் சாவியும் இருக்கிறது, ஆனால் விஎல்சியோ "செல்லுபடியாகும் பிராசஸிங் கீ இல்லை" என்கிறது. கண்ணெதிரே இருக்கும் சாவியை இல்லை என்றால் எப்படி? மூன்றாவதுதான் எனக்குப் பைத்தியம் பிடிக்க வைக்கிறது. என் மகளுக்குப் பிடித்த கார்ட்டூன், போன மாதம் இதே டிரைவில் இரண்டு தடவை பார்த்தாள், நேற்று போட்டால் "ஹோஸ்ட் சர்டிஃபிகேட் ரிவோக்டு" என்று வருகிறது. டிஸ்க்கில் ஒரு கீறல்கூட இல்லை. நான் எதையும் மாற்றவும் இல்லை. யாராவது விளக்குங்களேன்.

---

சாவிக்கொத்து எழுதியது:

முதல் டிஸ்க்கை விடுங்கள். இரண்டாவதுக்கு வருகிறேன்.

கீ ஃபைலில் படத்தின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அந்தப் பெயர் மனிதர்கள் படிப்பதற்காக எழுதி வைத்தது, மென்பொருள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வரியின் தொடக்கத்தில் 40 எழுத்து நீளத்தில் ஒன்று இருக்கும் பாருங்கள், அதுதான் டிஸ்க் ஐடி. டிஸ்க்குக்குள் ஏஏசிஎஸ் என்ற ஃபோல்டரில் யூனிட்_கீ_ஆர்ஓ.ஐஎன்எஃப் என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும், அதன் எஸ்எச்ஏ-1 ஹாஷ், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரி எண், அதுதான் அந்த ஐடி. டிஸ்க்கைப் போட்டதும் லிப்ஏஏசிஎஸ் இந்த ஹாஷைக் கணக்கிட்டு, கீ ஃபைலில் அதே எண் இருக்கிறதா என்று தேடும். இருந்தால் நேராக உள்ளே. இல்லாவிட்டால் சுற்றுவழி.

இப்போது உங்கள் டிஸ்க் சிங்கப்பூரில் விற்றது. ஃபைலில் இருப்பது அமெரிக்கப் பதிப்பாகவோ ஜெர்மன் பதிப்பாகவோ இருக்கலாம். படம் ஒன்றுதான், அட்டைப்படம்கூட ஒன்றாக இருக்கும், ஆனால் வேறு சப்டைட்டிலோடு வேறு ஊருக்குத் தனியாகத் தயாரித்தால் சாவியும் வேறு, ஐடியும் வேறு. ஒரே கம்பெனி திண்டுக்கல் பூட்டு பத்து வாங்கினாலும் ஒன்றின் சாவி இன்னொன்றுக்குச் சேராது அல்லவா, அந்தக் கதைதான்.

டெர்மினலைத் திறந்து அந்த ஐஎன்எஃப் ஃபைலுக்கு ஷா1சம் என்ற கட்டளையைப் போட்டு வருவதைக் கீ ஃபைலில் தேடிப் பாருங்கள். கிடைக்காது என்று பந்தயம் கட்டுகிறேன்.

மூன்றாவதற்கு ஒரு கேள்வி. போன மாதத்துக்கும் நேற்றுக்கும் இடையில் அந்த டிரைவில் வேறு ஏதாவது புது டிஸ்க் போட்டீர்களா? யோசித்துச் சொல்லுங்கள், "எதையும் மாற்றவில்லை" என்று எல்லாரும்தான் சொல்வார்கள்.

---

ரிமோட்_ராணி எழுதியது:

இவ்வளவு பாடுபடுவதற்கு ஏதாவது ஓடிடியில் பார்த்துவிட்டுப் போகலாமே?

---

பழைய_கேசட் எழுதியது:

ராணி அம்மா, ஓடிடியில் நேற்று இருந்த படம் இன்று இருப்பதில்லை, இருந்தாலும் டிஸ்க்கில் வினாடிக்கு 30, 40 மெகாபிட் வேகத்தில் வரும் படத்தை அங்கே பெரும்பாலும் அதில் பாதிகூடக் கொடுப்பதில்லை. சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

தம்பி கேட்ட "சாவி கண்ணெதிரே இருந்தும் ஏன் இல்லை என்கிறது" என்பதற்கு இந்தக் கீ ஃபைல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் கொஞ்சம் தெளிவாகும் என்று நினைக்கிறேன், எனக்கும் அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஒரு சாக்கு.

டிவிடியில் இருந்த சிஎஸ்எஸ் பூட்டு வெறும் 40 பிட். 1999இல் நார்வேக்காரப் பையன் யோன் லெக் யோஹன்சன் பெயரோடு டிசிஎஸ்எஸ் என்ற நிரல் வெளிவந்ததும் அந்தப் பூட்டின் கதை ஒரேயடியாக முடிந்தது, அவர் மேல் போட்ட வழக்கிலும் 2003இல் விடுதலையாகிவிட்டார். அதில் சூடுபட்டவர்கள், ஐபிஎம், இன்டெல், மைக்ரோசாஃப்ட், சோனி, தோஷிபா, டிஸ்னி, வார்னர் என்று பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் சேர்ந்து ஏஏசிஎஸ்ஸைக் கட்டினார்கள். 128 பிட் ஏஇஎஸ், நேராக உடைக்க வழியே இல்லை. ஆனால் படம் ஓட வேண்டுமானால் சாவி எங்கேயாவது ஒரு நொடியாவது வெளியே வந்துதானே ஆக வேண்டும்?

2006 டிசம்பர் கடைசியில் டூம்9 என்ற வீடியோ ஆர்வலர் மன்றத்தில் மஸ்லிக்ஸ்64 என்ற பெயரில் ஒருவர் எழுதினார். காசு கொடுத்து வாங்கிய எச்டி டிவிடி (புளூ-ரேக்கு அன்றைய போட்டி, பூட்டு அதே ஏஏசிஎஸ்) தன் மானிட்டரில் ஓடவில்லை, மானிட்டருக்கு எச்டிசிபி என்ற கேபிள் வழிப் பாதுகாப்பு இல்லையாம், அந்தக் கடுப்பில் உட்கார்ந்து நோண்டியிருக்கிறார். கணினியில் படம் ஓட்டும் மென்பொருள் சாவியை மெமரியில் அப்படியே திறந்து போட்டு வைத்திருந்தது, அதை எடுத்துவிட்டார். பூட்டை உடைக்கவே இல்லை, மிதியடிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்த மாதிரிதான். அவர் கொடுத்த பேக்கப்எச்டிடிவிடி நிரலில் சாவி எதுவும் கிடையாது, கூடவே டிகேடிபி.சிஎஃப்ஜி என்று ஒரு ஃபைல் வைக்க இடம் மட்டும் இருந்தது, சாவியை நீங்களே தேடி நிரப்பிக்கொள்ள வேண்டும். இன்று உங்கள் .கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் கீடிபிக்கு அதுதான் தாத்தா.

அடுத்து 2007 பிப்ரவரியில் அர்னெசாமி என்பவர் பிராசஸிங் கீயையே கண்டுபிடித்தார். அதுவரை ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சாவி தேட வேண்டும், இதுவோ அதுவரை வந்த டிஸ்க்குகளுக்கெல்லாம் பொதுவானது. 16 பைட், அவ்வளவுதான். அந்த எண்ணை எடுக்கச் சொல்லி நோட்டீஸ் பறந்ததும் மே 1ஆம் தேதி டிக் (Digg) என்ற செய்திப் பகிர்வுத் தளத்தில் பயனர்கள் முதல் பக்கம் முழுக்க அதையே ஒட்டினார்கள், டி-ஷர்ட்டில் அடித்தார்கள், வண்ணப் பட்டையாக்கிக் கொடி செய்தார்கள். நான் அன்று இரவு ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு அந்தப் பக்கத்தையே ரிஃப்ரெஷ் செய்துகொண்டிருந்தேன்.

ஆனால் ஏஏசிஎஸ்ஸைக் கட்டியவர்கள் ஏமாளிகள் இல்லை. சாவி கசிந்தால் அதன்பிறகு அச்சிடும் டிஸ்க்குகளில் அந்தச் சாவி வேலை செய்யாதபடி மாற்றிவிடலாம், எம்கேபி என்று ஒவ்வொரு டிஸ்க்கிலும் ஒரு தொகுதி இருக்கிறது, அதன் பதிப்பு எண் ஏறிக்கொண்டே போகும். உங்கள் குடும்பப் படம் "பிராசஸிங் கீ இல்லை" என்பது இதனால்தான்: ஐடி பொருந்தவில்லை என்று சுற்றுவழியில் போயிருக்கிறது, அங்கே உங்களிடம் இருக்கும் பொதுச்சாவி இந்த டிஸ்க்கின் எம்கேபிக்குப் பழையது.

---

பரண்மேல்_பெட்டி எழுதியது:

சாவிக்கொத்து அண்ணே, பந்தயத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். ஷா1சம் போட்டேன், ஃபைலில் அந்தப் படத்துக்கு மூன்று வரிகள் இருக்கின்றன, மூன்றிலும் ஐடி வேறு, என்னுடையது எதுவும் இல்லை.

அப்புறம், ஆமாம், புது டிஸ்க் ஒன்று போட்டேன். போன வாரம் நண்பன் இந்த வருடம் வந்த ஒரு படத்தைக் கொடுத்தான், போட்டுப் பார்த்தேன், ஓடவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். அது உள்ளே இருந்தது மொத்தம் இரண்டு நிமிடம். அதற்கும் கார்ட்டூனுக்கும் என்ன சம்பந்தம்?

---

சாவிக்கொத்து எழுதியது:

அந்த இரண்டு நிமிடம்தான்.

ஐடி கீ ஃபைலில் இல்லாத டிஸ்க்கைத் திறக்க இரண்டு பொருள் வேண்டும். ஒன்று, எம்கேபியிலிருந்து பிராசஸிங் கீயை வைத்து எடுக்கும் மீடியா கீ. இன்னொன்று வால்யூம் ஐடி. இந்த வால்யூம் ஐடி சாதாரண ஃபைலாக டிஸ்க்கில் இருக்காது, தனியாகப் பொறித்திருப்பார்கள், டிரைவ் மட்டும்தான் படிக்க முடியும், கேட்டவர் யார் என்று பார்க்காமல் டிரைவ் கொடுக்கவும் கொடுக்காது. அப்போது மென்பொருள் நீட்டும் அடையாள அட்டைதான் ஹோஸ்ட் சர்டிஃபிகேட். இரண்டும் சேர்ந்தால் விஏகே... மன்னிக்கவும், விஏகே அல்ல, வியுகே என்ற அந்த டிஸ்க்குக்கே உரிய சாவி கிடைக்கும், அதிலிருந்து படத்தைத் திறக்கும் சாவிகள். (இந்த மூன்றெழுத்துகளைக் கண்டுபிடித்தவரை நான் நேரில் பார்க்க வேண்டும்.)

புது டிஸ்க்குகளில் "இந்த இந்த அடையாள அட்டைகள் செல்லாது" என்று ஒரு பட்டியலும் வரும். டிஸ்க்கைப் போட்டதும் டிரைவ் தன்னிடம் இருப்பதைவிட இது புதியது என்று கண்டால் அதைத் தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். டிஸ்க்கை வெளியே எடுத்தாலும் அழியாது, கணினியை ஃபார்மட் செய்தாலும் அழியாது, டிரைவைக் கழற்றிப் பக்கத்து வீட்டில் மாட்டினாலும் அதற்கு ஞாபகம் இருக்கும். உங்கள் கார்ட்டூன் டிஸ்க் மாறவில்லை, வாசலில் நிற்கும் வாட்ச்மேனுக்குப் புது லிஸ்ட் வந்துவிட்டது.

ஆனால் எனக்கு ஒன்று இடிக்கிறது. லிப்ஏஏசிஎஸ் ஒரு தடவை வியுகே கண்டுபிடித்துவிட்டால் அதைச் சேமித்து வைக்கும். ஹோம் ஃபோல்டரில் .கேஷ், அதற்குள் ஏஏசிஎஸ், அதற்குள் வியுகே என்று ஃபோல்டர் இருக்கும், ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஐடியே பெயராக ஒரு குட்டி ஃபைல், உள்ளே 32 எழுத்து. மறுமுறை அந்த டிஸ்க்கைப் போட்டால் டிரைவிடம் கெஞ்ச வேண்டியதே இல்லை, அதை எடுத்துக்கொள்ளும். இரண்டு தடவை ஓடிய படம் நேற்றும் ஓடியிருக்க வேண்டுமே. .கேஷை அழித்தீர்களா?

---

பரண்மேல்_பெட்டி எழுதியது:

அண்ணே... ஹார்டு டிஸ்க் நிறைந்துவிட்டது என்று போன ஞாயிறு .கேஷ் ஃபோல்டரை மொத்தமாகக் காலி செய்தேன். "கேஷ்தானே, தானாக வந்துவிடும்" என்று நினைத்தேன்.

---

ரிமோட்_ராணி எழுதியது:

"நான் எதையும் மாற்றவும் இல்லை" 😂

---

தேம்ஸ்_கரை எழுதியது:

ஒரு சின்னக் குறுக்கீடு. இதெல்லாம் சட்டப்படி எந்த நிலையில் இருக்கிறது என்று யாரும் பேசவில்லை. நான் இருக்கும் இங்கிலாந்தில், சொந்தமாக வாங்கியதைச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுக்கலாம் என்று 2014 அக்டோபரில் ஒரு விதிவிலக்கு கொண்டு வந்தார்கள், பத்து மாதம்கூட நிற்கவில்லை, 2015 ஜூலையில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அமெரிக்காவில் 1998இல் வந்த டிஎம்சிஏ சட்டம், பிரதி எடுப்பது ஒரு பக்கம் இருக்கட்டும், பூட்டைத் தாண்டுவதையே தனிக் குற்றமாக்கி வைத்திருக்கிறது. இந்தியாவில் எப்படி?

---

பழைய_கேசட் எழுதியது:

நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தின்போது 65ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதில் பூட்டைத் தாண்டுவது "உரிமையை மீறும் நோக்கத்தோடு" இருந்தால்தான் குற்றம், இரண்டு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத காரியத்துக்காகச் செய்தால் பொருந்தாது என்றும் அதே பிரிவில் இருக்கிறது, தனிப்பட்ட உபயோகம் பற்றி 52ஆம் பிரிவில் தனியாக வருகிறது. அமெரிக்காவைவிட நம் சட்டத்தில் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது என்பது என் வாசிப்பு. ஆனால் ஏற்றிய படத்தை டெலிகிராமில் போட்டாலோ, நண்பனிடம் வாங்கிய டிஸ்க்கைப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டாலோ இந்தப் பேச்சு எதுவும் காப்பாற்றாது. தம்பி அந்தப் புது டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், நல்லது.

---

நள்ளிரவு_ரிப் எழுதியது:

தாமதமாக வருகிறேன். பெட்டிக்காரரே, உங்களுக்கு முதல் வேலை சாவி தேடுவது இல்லை, பழுப்பேறும் டிஸ்க்குகளைப் படிக்கும்போதே படித்து வைப்பது. சாவி இன்று இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துக்கூடக் கிடைக்கலாம், டிஸ்க் போனால் போனதுதான்.

மேக்எம்கேவி என்று டிஸ்க்கை இறக்கும் நிரல் இருக்கிறது, அதில் பேக்கப் என்று ஒன்று உண்டு, மொத்த டிஸ்க்கையும் ஃபோல்டராக இறக்கும், பூட்டை எடுக்கவா வேண்டாமா என்று ஒரு டிக் கட்டமும் இருக்கும். புளூ-ரே திறக்கும் வசதி சோதனைப் பதிப்பாக இருக்கும்வரை இலவசம், அதற்கான பதிவு எண் அவ்வப்போது காலாவதியாகும், அவர்கள் மன்றத்தில் புதியது போடுவார்கள். இதில் பெரும்பாலான டிஸ்க்குகளுக்கு உங்கள் கீடிபி தேவையே படாது. சில டிரைவ்களில் டிரைவின் அடையாளச் சோதனையைத் தாண்டி நேராகப் படிக்கும் லிப்ரேடிரைவ் என்ற முறையில் வேலை செய்யும், அப்போது வாட்ச்மேன் லிஸ்ட் பிரச்சினையும் கிடையாது. உங்கள் மாடல் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், 4கே டிஸ்க் ஏதாவது இருந்தால் அதற்கு இது கட்டாயம், அங்கே பூட்டு ஏஏசிஎஸ் 2, வேறு கதை.

பூட்டோடு இறக்கி வைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபைல் மேனேஜரில் பார்த்தால் எல்லாம் அம்சமாகத் தெரியும், பெயர் சரி, அளவு சரி, பிளேலிஸ்ட்கூடத் திறக்கும், ஏனென்றால் பூட்டு இருப்பது படம் இருக்கும் எம்2டிஎஸ் ஃபைல்களில் மட்டும்தான். அதிலும் 6144 பைட் கொண்ட ஒவ்வொரு துண்டிலும் முதல் 16 பைட் திறந்தே இருக்கும். ஓட்டினால்தான் கறுப்புத் திரை, பச்சைக் கட்டம், கரகர சத்தம். ஃபைல்களை மட்டும் பிரதி எடுத்தால் வால்யூம் ஐடி கூட வராது என்பதையும் மறக்காதீர்கள், அதனால் மூல டிஸ்க் கையில் இருக்கும்போதே வியுகேயைக் குறித்து வைக்கப் பாருங்கள். அது இருந்தால் பிரதியை எப்போது வேண்டுமானாலும் திறக்கலாம். இதே காரணத்தால்தான் புளூ-ரேயை அப்படியே காலி டிஸ்க்கில் எரித்தால் ஓடாது, அந்த ஐடியை வீட்டு டிரைவால் எழுத முடியாது.

ஹேண்ட்பிரேக்கை நேராக டிஸ்க்கில் விட்டு "ஓடலையே" என்று கேட்காதீர்கள், அது சுருக்கத்தான் செய்யும், பூட்டைத் திறக்காது. முதலில் இறக்கு, அப்புறம் சுருக்கு.

இடம்: ஒரு அடுக்கு டிஸ்க் 25 ஜிபி, இரண்டு அடுக்கு 50. 43 டிஸ்க்கும் நிறைந்த இரண்டு அடுக்கு என்றாலும் 2.2 டிபி-க்குள் அடங்கிவிடும். என் டிரைவில் நிறைந்த 50 ஜிபி டிஸ்க்குக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், சாப்பிடப் போகும்போது போட்டுவிட்டுப் போங்கள். இறக்கியதும் நடுவிலும் கடைசியிலும் ஒரு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். நான் முதல் பத்து டிஸ்க்குக்கு அதைச் செய்யவில்லை, இரண்டு படம் கிளைமாக்ஸில் நின்றது, அதற்குள் டிஸ்க்கை விற்றும் ஆகிவிட்டது.

இன்னொன்று, சில படங்களில் சினாவியா என்று ஒலிக்குள்ளேயே ஒரு குறி ஒளிந்திருக்கும். பூட்டை எடுத்தாலும் அது போகாது. கணினியில் விஎல்சியில் பார்த்தால் ஒன்றும் ஆகாது, அதே பிரதியை 2012க்குப் பின் வந்த புளூ-ரே பிளேயரில் போட்டால் கொஞ்ச நேரம் கழித்துச் சத்தம் நின்றுவிடும். ஸ்பீக்கரைக் கழற்றாதீர்கள்.

---

சாவிக்கொத்து எழுதியது:

நள்ளிரவு சொன்னதோடு ஒன்று. கீ ஃபைலில் கையால் வரி சேர்ப்பதானால் சேமிக்கும் பெயரைப் பாருங்கள். நான் ஒரு தடவை விண்டோஸ் கணினியில் திருத்தினேன், ஃபைல் பின்னொட்டைக் காட்டாத அமைப்பில் இருந்தது, கீடிபி.சிஎஃப்ஜி.டிஎக்ஸ்டி என்று சேமித்துவிட்டேன், இரண்டு ராத்திரி சாவியைத் திட்டினேன். லினக்ஸில் கீடிபி என்பது பெரிய எழுத்து, சிஎஃப்ஜி சின்ன எழுத்து, மாறினால் அது கண்டுகொள்ளாது.

பெட்டித் தம்பி, .கேஷை அழித்ததற்கு முன்னால் ஹோம் ஃபோல்டரை எங்காவது பேக்கப் எடுத்தீர்களா?

---

பரண்மேல்_பெட்டி எழுதியது:

அண்ணே, இருந்தது! மூன்று வாரம் முன்பு ஹோம் ஃபோல்டரை அப்படியே ஒரு பழைய எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தேன், மறந்தே போயிருந்தது. மறைந்திருக்கும் ஃபோல்டர்களைக் காட்டச் சொன்னால் .கேஷ், ஏஏசிஎஸ், வியுகே, உள்ளே ஏழு ஃபைல். கார்ட்டூன் டிஸ்க்கின் ஹாஷைக் கணக்கிட்டுப் பார்த்தேன், மூன்றாவது ஃபைலின் பெயர் எழுத்துக்கு எழுத்து அதே. ஏழையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு டிஸ்க்கைப் போட்டேன், ஒரு வார்த்தை பேசாமல் ஓடியது. கையோடு அந்த ஏழையும் கீடிபியிலும் வரியாகச் சேர்த்துவிட்டேன், பெயர் இரண்டு தடவை சரிபார்த்து.

குடும்பப் படத்தை மேக்எம்கேவி திறந்துவிட்டது. என் டிரைவ் லிப்ரேடிரைவ் பட்டியலில் இல்லை, ஆனாலும் இந்த டிஸ்க் வரை பிரச்சினை இல்லை. பழுப்பேறியவற்றை முதலில் போடுகிறேன், இப்போது நாலாவது உள்ளே, 71 சதவீதத்தில் டிரைவ் மூச்சுவாங்குகிறது, வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. நிறுத்தித் துடைத்துப் போடவா, இல்லை அப்படியே விடவா?

---

நள்ளிரவு_ரிப் எழுதியது:

விடுங்கள். படித்துக்கொண்டிருக்கும்வரை கை வைக்காதீர்கள். பிழை என்று எழுதி நின்றால் மட்டும் எடுத்து, மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்க வேண்டாம்.

---

பரண்மேல்_பெட்டி எழுதியது:

100. நடுவிலும் ஓடுகிறது, கடைசியிலும் ஓடுகிறது. அடுத்ததைப் போடுகிறேன்.